அளவு பார்த்தார்கள், மரக்கால் வேறு

டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றில் ‘இந்த நேரத்துக்குப் பின் இது செல்லாது’ என்று குறிக்கும் இடத்தில் வழக்கமாக 13 எழுத்துகள்தான் இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கம், கடைசியில் உலகப் பொது நேரம் என்பதைக் காட்ட ஓர் எழுத்து. ஆண்டை நான்கு இலக்கமாக எழுதும் வகையில் அது 15 ஆகும். இதை எடுத்து வைத்துக்கொள்ள 64 பைட் இடம் ஒதுக்கிய நிரலாளரைக் கஞ்சன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் எழுதுவதற்கு முன், வந்திருக்கும் தேதி எவ்வளவு நீளம் என்றும் அவர் பார்த்தார். அப்படிப் பார்த்த பிறகும் அந்த ஒரு வரி, ஃப்ரீரேடியஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு சர்வரை, பாஸ்வேர்டு எதுவும் தெரியாத யாரோ ஒருவர் வெளியிலிருந்தே கவிழ்த்துவிடக்கூடிய நிலையில் வைத்திருந்தது. 2012 செப்டம்பரில், பாதுகாப்புக் குறைகளுக்குப் பொதுவாகச் சூட்டும் சிவிஇ எண்களில் சிவிஇ-2012-3547 என்ற எண்ணோடு வெளியான இந்தக் குறையைப் பற்றி இவ்வளவு காலம் கழித்து எழுதுவதற்குக் காரணம், எங்கள் சர்வரில் அது இல்லை என்று சரிபார்த்து நோட்டில் எழுதிவைத்தவன் நான் என்பதுதான்.

அப்போது மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். விடுதி, நூலகம், துறைக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 28 வைஃபை பெட்டிகள் இருந்தன. அத்தனைக்கும் ஒரே ஒரு ரேடியஸ் சர்வர், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மேசைக் கணினியாக உட்கார்ந்திருந்தது. ஒரு மாணவர் கைப்பேசியில் வைஃபையைத் தொட்டவுடன், சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி தானாக எந்த முடிவும் எடுக்காது. அது யுடிபி 1812 என்ற வாசல் வழியாகச் சர்வரிடம் ‘இவரை விடலாமா’ என்று கேட்கும். சர்வர் விடு என்றால் விடும், வேண்டாம் என்றால் நிறுத்தும். 1991இல் லிவிங்ஸ்டன் என்டர்பிரைசஸ் என்ற நிறுவனம் டயல்-அப் இணைப்புகளுக்காக உருவாக்கிய ஏற்பாடு இது. 2000 ஜூனில் ஆர்எஃப்சி 2865 என்ற ஆவணமாக நிலைபெற்று, வைஃபை வந்த பிறகும் உருமாறாமல் தொடர்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிறு கணக்கு உண்டு. பின்னால் வரப்போகும் குழப்பத்துக்கு வேர் அதுவே. ரேடியஸ் செய்தியில் பயனர் பெயர், பெட்டியின் முகவரி போன்ற ஒவ்வொரு தகவலும் ஒரு துண்டாகப் போகிறது. துண்டின் முதல் பைட் அது என்ன வகை என்றும், இரண்டாவது பைட் மொத்த நீளம் எவ்வளவு என்றும் சொல்லும். ஒரு பைட்டில் 255க்கு மேல் எழுத முடியாது. அதில் முதல் இரண்டு பைட்டைக் கழித்தால் உள்ளே வைக்கக்கூடியது அதிகபட்சம் 253. சி என்ற நிரல் மொழியில் எழுத்துச் சரத்தின் முடிவைக் காட்ட ஒரு சுழிய பைட் சேர்க்க வேண்டும் என்பதால் 254. ரேடியஸ் நிரல்களோடு பழகியவர்களுக்கு இந்த எண் வாய்ப்பாடு போல மனப்பாடம். ஃப்ரீரேடியஸில் இதற்கென்றே ஒரு பெயர் சூட்டி, வேண்டிய இடத்திலெல்லாம் அந்தப் பெயரைப் போட்டு எழுதியிருந்தார்கள்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். சான்றிதழில் இருந்த காலாவதித் தேதியை, அதற்கென ஒதுக்கிய 64 பைட் இடத்துக்குள், அதாவது பஃபருக்குள், நகலெடுப்பதற்கு முன், நிரல் கேட்ட கேள்வி ‘இதன் நீளம் 254ஐ விடக் குறைவா’ என்பது. அந்தத் தேதி பின்னர் ஒரு ரேடியஸ் துண்டாக மாறப்போகிறது என்ற வகையில் அந்தக் கேள்வியும் நியாயமானதே. ஆனால் நகல் போய் விழும் இடம் 64 பைட்தான். 253 எழுத்து நீளத்துக்கு ஒரு போலித் தேதியைச் சான்றிதழில் எழுதி அனுப்பினால் சோதனை அதை நல்லபிள்ளையாக உள்ளே விட்டுவிடும். 64 நிரம்பிய பிறகும் எழுத்து நிற்காமல், முடிவுக்கான சுழியத்தையும் சேர்த்து 190 பைட் வரை பக்கத்து இடத்தில் போய் விழும்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து மரக்கால் இரண்டு இருந்தன. ஒன்று கூலி நெல் அளப்பதற்கு, மற்றொன்று வியாபாரிக்கு அளப்பதற்கு. இரண்டும் ஒரே அளவில்லை என்பது களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அளக்கிறவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார், ‘லாபம்’ என்பார். பிறகு இரண்டு, மூன்று என்று போகும். தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு, கூம்பாக விட்டால் வேறு கணக்கு. எண்ணிக்கையில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை; வந்த சண்டையெல்லாம் எந்த மரக்காலால் அளந்தாய் என்பதில்தான். ஃப்ரீரேடியஸில் நடந்ததும் இந்த வகைப் பிழை. அளக்காமல் கொட்டியவரைக் கண்டுபிடிப்பது எளிது, நிரலைப் படிக்கிறவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான். வேறு மரக்காலால் அளந்தவரின் வரியைப் பார்த்தால், அங்கே சோதனை ஒன்று இருக்கிறதே என்று கண் திருப்தியோடு கடந்துபோய்விடும்.

பக்கத்து இடத்தில் விழுந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அந்த 64 பைட் இருந்தது ஸ்டாக் எனப்படும் நினைவகப் பகுதியில். ஒரு செயற்கூறு தன் வேலையை முடித்த பிறகு நிரலின் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அதே பகுதியில்தான், சற்றுத் தள்ளி எழுதிவைக்கப்பட்டிருக்கும். வழிந்து போகும் பைட்டுகள் அந்த முகவரியைக் கண்டபடி அழித்தால் சர்வர் விழுந்துவிடும். கணக்கிட்டு அழித்தால், திரும்ப வேண்டிய இடத்தை அனுப்பியவரே தீர்மானிக்கிறார். எது எவ்வளவு பெரியது என்பதைச் சி மொழி தன் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை, எழுதுகிறவர் தலையில் போட்டுவிடுகிறது. ரஸ்ட் போன்ற மொழிகளில் பஃபரோடு அதன் அளவும் கூடவே போவதால், தவறான எண்ணைக் கொண்டு சோதித்திருந்தாலும் 65ஆவது பைட்டில் நிரல் தானாக நின்றிருக்கும். சர்வர் அப்போதும் விழுந்திருக்கலாம். ஆனால் பிறர் கைக்குப் போயிருக்காது.

இதில் என்னை அதிகம் உறுத்தியது அந்த வரி இருந்த இடம். எங்கள் கல்லூரியில் பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே கைப்பேசிக்கும் சர்வருக்கும் நடுவே டிஎல்எஸ் எனப்படும் மறைகுறியாக்கப்பட்ட குழாய் ஒன்று போடப்படும். அதைப் போடும் கட்டத்திலேயே எதிரில் இருப்பவர் தன் சான்றிதழை நீட்டலாம். அந்தச் சான்றிதழ் நம்பத்தக்கதா என்று முடிவு செய்வதற்காக ஓடும் செயற்கூற்றுக்குள்தான் இந்த நகலெடுப்பு நடந்தது. வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் தயாரித்த ஒப்புக்குச் சான்றிதழாக இருந்தாலும் சர்வர் அதை வாங்கிப் படித்தே தீர வேண்டும், ஏனென்றால் அடையாளம் தெரியாத ஆட்களைப் பார்ப்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. எங்கள் விடுதி முதல் மாடிப் பெட்டியின் சிக்னல் காம்பவுண்டு சுவரைத் தாண்டி எதிர் டீக்கடை பெஞ்சு வரை போகும். அங்கே உட்கார்ந்து என் கைப்பேசியில் பார்த்திருக்கிறேன், இரண்டு கோடு காட்டும். தாக்குகிறவருக்கு அந்தப் பெஞ்சும் ஒரு டீயும் போதும்.

குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜெர்மனியின் பிரிசென்ஸ் டெக்னாலஜீஸைச் சேர்ந்த டிமோ வார்ன்ஸ். 2.1.10 முதல் 2.1.12 வரையிலான பதிப்புகளில் இருந்தது, 2.2.0இல் சரியானது. திருத்தம் ஒரே வரிதான்: 254ஐக் குறிக்கும் பெயரை எடுத்துவிட்டு, பஃபரின் உண்மையான அளவைக் கேட்டு வாங்கிப் போட்டார்கள்.

அளவுச் சோதனை இருந்தும் பயனற்றுப் போன இன்னொரு கதை 2020இல் வெளிவந்தது. பிபிபிடி என்ற நிரல் இணைப்பின் மறுமுனையில் இருப்பவரை அடையாளம் காணும் வேலையையும் செய்கிறது, அதில் 2.4.2 முதல் 2.4.8 வரை ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் கிடந்த குறையை இல்யா வான் ஸ்ப்ருண்டெல் கண்டுபிடித்தார். அங்கே எதிர்முனையின் பெயரை வாங்கி வைக்க 256 பைட். பெயர் அதை மிஞ்சுகிறதா என்று சோதிக்கும் நிபந்தனையில், கழித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் கூட்டிப் பார்த்திருந்தார்கள். அதற்கு முந்தைய வரியில் இருந்த வேறொரு சோதனையின் காரணமாக, அந்த நிபந்தனை எந்தக் காலத்திலும் உண்மையாக வழியே இல்லை. அதன் தலைக்கு மேல் நிரலாளர் எழுதிய குறிப்பின் பொருள் ‘இது அவ்வளவாக நடக்காது’ என்பது. சொன்னபடியே ஒருமுறைகூட நடக்கவில்லை. 2002இல் செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட எச்சரிக்கை இவற்றை விட நேரடியானது. பல ரேடியஸ் மென்பொருள்கள், வந்த செய்தியோடு, பெட்டியும் சர்வரும் பகிர்ந்துகொள்ளும் ரகசியச் சொல்லை ஒட்டும்போது இடம் போதுமா என்றே பார்க்காமல் இருந்தன. 2017இல் ஃப்ரீரேடியஸ்காரர்கள் தாங்களாகவே கீடோ வ்ராங்கன் என்ற ஆய்வாளரைக் கேட்டுக்கொண்டு, கோணல்மாணலான செய்திகளை லட்சக்கணக்கில் ஊட்டிச் சோதிக்கும் ஃபஸ்ஸிங் முறையில் தங்கள் நிரலைத் துருவ வைத்தார்கள். நினைவகக் குறைகள் பல கிடைத்தன. அவற்றைத் திருத்தி 2.2.10, 3.0.15 என்ற பதிப்புகளை வெளியிட்டு, எதெது எங்கே என்று பட்டியலும் போட்டார்கள். பிழை வராத மென்பொருளை விட, தன் பிழையைத் தானே தேட ஆள் வைக்கும் மென்பொருளை நான் அதிகம் நம்புகிறேன். அதனால்தான் இன்றும் அதையே பயன்படுத்துகிறேன்.

இனி என் பங்கு. எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் ஃப்ரீரேடியஸை மூலநிரலிலிருந்து தானே கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றி, வைத்திருந்தார். அதில் குற்றம் சொல்ல முடியாது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பழைய பதிப்புகளில், டிஎல்எஸ் வேலையைச் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளின் உரிமமும் ஃப்ரீரேடியஸின் உரிமமும் ஒத்துப்போகாத காரணத்தால், நிறுவத் தயாரான பேக்கேஜாகக் கிடைத்த ஃப்ரீரேடியஸில் டிஎல்எஸ் சார்ந்த முறைகள் இருக்காது. வைஃபைக்கு அது வேண்டும் என்றால் சொந்தமாகக் கம்பைல் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. பிற்காலத்தில் அந்தச் சிக்கல் தீர்ந்த பிறகும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் விட்டுச்சென்ற நீல அட்டை நோட்டில் ஏழாவது படியாக ‘மூலநிரல் அடைவுக்குப் போய் மேக் இன்ஸ்டால் கொடுக்கவும்’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

2013இல் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் முனக ஆரம்பித்ததால் புதிய கணினியில் டெபியன் 7 போட்டேன். பழையதில் என்னென்ன பேக்கேஜ் இருந்தன என்ற பட்டியலை அப்படியே புதியதில் கொடுத்து நிறுவினேன். அதில் யாரும் ஓட்டாத ஃப்ரீரேடியஸ் பேக்கேஜும் சேர்ந்து வந்தது. பிறகு நோட்டைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் செய்து, ஏழாவதில் 2.1.12இன் மூலநிரலை நானே கம்பைல் செய்தேன். திருத்தம் வெளிவந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. அதே வாரத்தில், பாதுகாப்பு அறிவிப்புகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது, இந்தச் சிவிஇ எண்ணுக்கு நேரே பேக்கேஜ் பதிப்பைப் பார்த்தேன். 2.1.12 என்ற எண்ணுக்குப் பின்னால் டெபியன் ஒட்டும் வால் ஒன்று இருந்தது. டெபியன் பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்த்துவிடும் என்பதும், அந்த வால்தான் அதற்கு அடையாளம் என்பதும் எனக்குத் தெரியும். சரி என்று டிக் போட்டேன். ஓடிக்கொண்டிருந்த சர்வரும் 2.1.12 என்றே சொன்னது. வால் இல்லாத 2.1.12.

2014 ஏப்ரல் 7ஆம் தேதி ஹார்ட்ப்ளீட் வெளியானது. மேட்டூர் மூடி, சம்பா அறுத்த தாளடியில் தெளித்த உளுந்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். கல்லூரியில் செமஸ்டர் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓபன்எஸ்எஸ்எல்லின் அந்தக் குறையும் அளவு பற்றியதே: எதிர்முனை ‘நான் அனுப்பியது இவ்வளவு நீளம்’ என்று பொய் சொன்னால், அதை நம்பி சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை திருப்பிக் கொடுத்துவிடும். ஓபன்எஸ்எஸ்எல் கோப்பை அப்டேட் செய்தால் மட்டும் போதாது, பழையதைப் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே ஓடும் நிரல்களை எல்லாம் நிறுத்தித் தொடங்க வேண்டும் என்பதால், எவை எவை அப்படி ஓடுகின்றன என்று பட்டியல் எடுத்தேன். பட்டியலில் ‘ரேடியஸ்டி’ என்று ஒரு பெயர். இரண்டு மூன்று நொடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டெபியன் பேக்கேஜில் அந்த நிரலின் பெயர் ‘ஃப்ரீரேடியஸ்’. ‘ரேடியஸ்டி’ என்பது சொந்தமாகக் கம்பைல் செய்தால் மட்டும் வரும் பெயர். பாதையும், சொந்தமாகக் கம்பைல் செய்தவை போய் உட்காரும் லோக்கல் அடைவைத்தான் காட்டியது. நான் டிக் போட்ட பேக்கேஜ் அந்த இயந்திரத்தில் ஒரு நாளும் ஓடியதே இல்லை.

அடுத்தது அதைவிட மோசம். சர்வரின் அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிக் கோப்பைத் திறந்தேன். எந்தப் பயனராக ஓட வேண்டும் என்று சொல்லும் இரண்டு வரிகளுக்கும் முன்னால், மூலநிரலோடு வந்தபடியே, குறிப்புக் குறி போட்டு அணைத்திருந்தது. அதாவது அந்த நிரல், இயந்திரத்தில் எதையும் செய்யக்கூடிய ரூட் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவர் திரும்பும் முகவரியை மாற்றியிருந்தால், அவர் கையில் கிடைத்திருக்கக்கூடியது முழு இயந்திரம்.

அன்று இரவே மாற்றினேன். பழைய நிரலை நிறுத்தி, கணினி தொடங்கும்போது அதைக் கிளப்பும் வரியை அகற்றி, கான்ஃபிக்கைப் பேக்கேஜின் அடைவுக்கு எடுத்துப்போனேன். பேக்கேஜ் நிரலை, செய்வதையெல்லாம் திரையில் சொல்லும் டீபக் நிலையில் ஓடவிட்டால், சர்வரின் தனிச் சாவிக் கோப்பைப் படிக்க அனுமதி இல்லை என்று சொல்லி நின்றது. இத்தனை நாள் ரூட் படித்துக்கொண்டிருந்த கோப்பை, அதிகாரம் குறைந்த பயனர் எப்படிப் படிப்பார்? நியாயமான மறுப்புதான், ஆனால் இரவு பதினொரு மணிக்கு நியாயம் ரசிக்கவில்லை. அதற்குள் விடுதிக் காப்பாளர் போனில் வந்துவிட்டார்.

“தம்பி, பயலுவ எல்லாம் வராண்டாவுல வந்து நிக்கிறானுவ. எப்ப வரும்?”

“அரை மணி நேரம் சார். படிக்கச் சொல்லுங்க சார்.”

“நெட் இல்லாம எதப் படிக்கிறதுன்னு கேக்குறானுவ.”

கோப்பின் குழுவை மாற்றி, படிக்கும் அனுமதி மட்டும் கொடுத்து மீண்டும் ஓட்டினேன். கோரிக்கைகளுக்குத் தயார் என்ற வரி வந்தது. அது முடிவதற்குள் வராண்டாவில் நின்ற கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கதவைத் தட்டத் தொடங்கின.

யாராவது உள்ளே புகுந்தார்களா என்று பழைய பதிவேடுகளைப் பார்த்தேன். சர்வர் காரணமில்லாமல் விழுந்ததற்கான தடயம் எதுவும் தென்படவில்லை. ரூட் அதிகாரம் பெற்ற ஒருவர் தடயத்தைத் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்பதால் அந்தப் பார்வைக்குப் பெரிய மதிப்பும் இல்லை. ஆகவே மே மாத விடுமுறையில் இயந்திரத்தையே அழித்து முதலிலிருந்து நிறுவினேன். சர்வர் சான்றிதழுக்குப் புதிய சாவி, 28 பெட்டிகளுக்கும் தனித்தனியாகப் புதிய ரகசியச் சொல். ஏணியைத் தூக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போனதில் நான்கு நாள் ஆனது, ஏனென்றால் பாதிப் பெட்டிகளின் மேலாண்மைப் பாஸ்வேர்டு நோட்டில் இல்லை.

அழிப்பதற்கு முன், அந்த மூலநிரல் அடைவைத் திறந்து, டிஎல்எஸ் கோப்பில் அந்த வரியைத் தேடிப் பார்த்தேன். மேலே 64 என்று பஃபரின் அறிவிப்பு. நிறைய வரிகள் தள்ளிக் கீழே, 254க்கு வைத்த பெயர். இரண்டையும் ஒரே திரையில் பார்க்க முடியாது, மேலும் கீழும் உருட்ட வேண்டியிருந்தது. பிறகு நீல அட்டை நோட்டில் ஏழாவது படியை ஒரு கோடு போட்டு அடித்தேன். சிவிஇ பட்டியலில் நான் போட்டிருந்த டிக்கையும் அடித்து, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினேன்.